சர்வோ த்ரெட் திடீர்னு 1.4 மில்லிசெகண்ட் தள்ளிப் போகுது, ரோலர் மில்லிங் பாதியில் நிற்குது

ரோலர்பட்டறை_கோத்தகிரி

வணக்கம். டீ ஃபேக்டரியில் இலையை நசுக்கி, கிழிச்சு, சுருட்டுற சி.டி.சி. ரோலருக்குப் பல் போடுற பழைய மில்லிங் மெஷினை, மெஷின் ஓட்டுற சாஃப்ட்வேரான லினக்ஸ்சி.என்.சி.க்கு மாத்தி ஓட்டுறோம். எக்ஸ் ஆக்ஸிஸ் கட்டரை நீளவாக்கில் தள்ளும், ஏ ஆக்ஸிஸ் ரோலரைத் திருப்பும். ரெண்டும் கைகோத்துப் போனாத்தான் சாய்வு க்ரூவ் ஒழுங்கா விழும். ரோலர் 36 அங்குலம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செக்மென்ட், வெட்டும்போது ஃபீட் நிமிஷத்துக்கு 300 மி.மீ.

கம்ப்யூட்டர் செகண்ட்ஹேண்ட் பிராண்டட் டவர். நாலாம் தலைமுறை ஐ5, நாலு கோர், 3.3 கிகாஹெர்ட்ஸ், 8 ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி. டெபியன் 12, லினக்ஸ்சி.என்.சி. 2.9, பிரீஎம்ப்ட் ஆர்.டி. கெர்னல். மோட்டார்களுக்குக் கட்டளை அனுப்புற மெசா 7ஐ76ஈ கார்டு, போர்டில் இருக்கிற இன்டெல் ஈதர்நெட் போர்ட்டில் நேரா கேபிள். சர்வோ த்ரெட், அதாவது பொசிஷனைக் கணக்குப் போடுற சுற்று, 1 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. எக்ஸ் ஆக்ஸிஸுக்கு மின்-ஃபெரர் (சொன்ன இடத்துக்கும் நிஜ இடத்துக்கும் அனுமதிச்ச வித்தியாசம், தாண்டினா ஃபாலோயிங் எரர்) 0.005 மி.மீ.

பிரச்சனை இதுதான். த்ரெட் எவ்வளவு தாமதமாகுதுன்னு அளக்கிற லேட்டன்சி டெஸ்ட்டில் சாதாரணமா 20, 25 மைக்ரோசெகண்டுக்குள்ளதான் நிற்கும். திடீர்னு ஒரு தடவை 1,400-ஐத் தொடும். மெஷின் ஓடும்போது "எதிர்பாராத ரியல்டைம் தாமதம்"னு மெசேஜ் வரும். சில சமயம் க்ரூவ் நடுவில் எக்ஸ் ஃபாலோயிங் எரர் அடிச்சு நின்னுடும். அபூர்வமா மெசா ரீட் முடியலைன்னு எரர். நிற்காம ஓடினாலும் "டிக்"னு ஒரு சத்தம் கேட்கும், பல்லோட பக்கவாட்டில் நகத்தால் தடவினா தெரியுற அளவுக்கு ஒரு கோடு விழுது.

ஐசோல்சிபியு போட்டு கடைசிக் கோரைத் தனியா ஒதுக்கிப் பார்த்தாச்சு, வித்தியாசமே இல்லை. பயாஸில் டர்போவும் ஸ்பீட்ஸ்டெப்பும் ஆஃப். வேற எங்க பார்க்கணும்?

---

குன்னூர்_கன்ட்ரோல்

ஐசோல்சிபியு போட்டும் மாறலைங்கிறதே பாதி பதில். மீதிக்கு ஸ்பைக்கோட அளவையும் தாளத்தையும் பாருங்க. அதைப் பார்க்காம பயாஸில் கண்ணில் பட்டதையெல்லாம் ஆஃப் பண்ணிக்கிட்டே போனா, எது பலிச்சதுன்னு கடைசிவரை தெரியாது.

முதல்ல அளவு. விண்டோவை இழுக்கும்போது, ஃபைல் காப்பி பண்ணும்போது ஜிட்டர் 30, 50 மைக்ரோசெகண்டுக்கு ஏறினா அது கேஷ், மெமரி, கிராஃபிக்ஸ் இவங்களோட இழுபறி. மெசா கார்டு வெச்சிருக்கிறவங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மோட்டாரை நகர்த்துற ஸ்டெப் பல்ஸ் எல்லாம் கார்டில் இருக்கிற எஃப்.பி.ஜி.ஏ. சிப்பிலதான் உருவாகுது. பேரலல் போர்ட்டில் 25 மைக்ரோசெகண்ட் பேஸ் த்ரெட் ஓட்டுறவங்கதான் அதுக்குக் கவலைப்படணும்.

100 முதல் 170 வரைக்கும் போனா சி-ஸ்டேட்டை, அதாவது ப்ராசசரோட தூக்க நிலையை, சந்தேகப்படலாம். உங்க தலைமுறை ப்ராசசரில் சி6-லிருந்து எழுந்து வர 133, சி7-லிருந்து 166 மைக்ரோசெகண்ட்னு கெர்னலோட இன்டெல் ஐடில் டேபிளிலேயே இருக்கு. சி1 வெறும் 2 தான். அதனால சி-ஸ்டேட்டை எவ்வளவு திட்டினாலும் 1,400 மைக்ரோசெகண்டுக்கு அது கணக்குச் சொல்லாது.

மில்லிசெகண்ட் அளவில் வர்றதுக்கு எனக்குத் தெரிஞ்சு ரெண்டு இடம்தான் முக்கியம். ஒண்ணு எஸ்.எம்.ஐ. (சிஸ்டம் மேனேஜ்மென்ட் இன்டரப்ட்), இன்னொண்ணு நெட்வொர்க் கார்டு. ஆனா நெட்வொர்க் கார்டோட கோளாறு வெறும் லேட்டன்சி டெஸ்ட்டில் இப்படித் தெரியாது. அந்த டெஸ்ட் மெசா கார்டோட பேசுறதே இல்லையே. லினக்ஸ்சி.என்.சி.யை மூடிட்டு டெஸ்ட் மட்டும் ஓட்டும்போதும் உங்களுக்கு 1,400 வருதுன்னா கை எஸ்.எம்.ஐ. பக்கம்தான் நீளுது.

எஸ்.எம்.ஐ. வந்தா ப்ராசசர் எல்லாக் கோரையும் நிறுத்திட்டு பயாஸ் எழுதின கோடுக்குள்ள போயிடும். லினக்ஸுக்கு அது நடந்ததே தெரியாது. இன்டரப்ட் பட்டியலிலும் வராது. ஒரு கோரை ஒதுக்கி வெச்சாலும் அதுவும் சேர்ந்தேதான் நிற்கும். அதனாலதான் உங்க ஐசோல்சிபியு வேலை செய்யலை.

இதை எண்ணிப் பார்க்க வழி இருக்கு. இன்டெல் ப்ராசசருக்குள்ள எஸ்.எம்.ஐ. எத்தனை வந்ததுன்னு ஒரு கவுன்ட்டர் உண்டு, எம்.எஸ்.ஆர்.ங்கிற உள் ரெஜிஸ்டர்களில் ஹெக்ஸ் 34. எம்.எஸ்.ஆர். டூல்ஸ் பேக்கேஜ் போட்டு, எம்.எஸ்.ஆர். மாட்யூலை லோட் பண்ணி, ரூட்டாக ரீட்-எம்.எஸ்.ஆர். கொடுத்தா எண் வரும். சும்மா உட்கார்ந்து பார்க்கணும்னா டர்போஸ்டாட்டை 5 செகண்ட் இடைவெளியில் ஓட்டுங்க, எஸ்.எம்.ஐ.ன்னு ஒரு காலம் இருக்கும். ஒரு எச்சரிக்கை: டர்போஸ்டாட் ஒவ்வொரு தடவையும் எல்லாக் கோரையும் தட்டி எழுப்பும், அது ஓடும்போது எடுத்த லேட்டன்சி எண்ணை நம்பாதீங்க. உங்க கெர்னலில் ஹார்ட்வேர் லேட்டன்சி டிரேசர் இருந்தா ஆர்.டி. டெஸ்ட்ஸ் பேக்கேஜில் வர்ற ஹெச்.டபிள்யூ.லாட்-டிடெக்டை 10 மைக்ரோசெகண்ட் வரம்பு வெச்சு பத்து நிமிஷம் ஓட்டலாம். இன்டரப்ட்டை எல்லாம் அடைச்சுட்டுக் கடிகாரத்தை மட்டும் படிக்கிற சோதனை அது. அதில் இடைவெளி விழுந்தா பழி லினக்ஸ் மேல இல்லை.

அடுத்தது தாளம். லேட்டன்சி டெஸ்ட்டில் ரீசெட் பட்டன் இருக்கு. ஸ்பைக் வந்ததும் மணியைக் குறிச்சுக்கிட்டு ரீசெட் பண்ணுங்க, அடுத்தது எப்போ வருதுன்னு பாருங்க. சீரான இடைவெளியில் வந்தா யாரோ கூப்பிடுறாங்கன்னு அர்த்தம். கண்ட நேரத்தில் வந்தா அது வேற கதை.

---

மேட்டுப்பாளையம்_பேனல்

மேலே அண்ணன் சொன்னதைச் செய்ங்க. கூடவே ஈதர்நெட் பக்கத்தையும் ஒரு தடவை தட்டிப் பார்த்துடுங்க. உங்களுக்கு வர்ற "ரீட் முடியலை" எரர் பாக்கெட் தொலைஞ்சாலும் வரும், தாமதமானாலும் வரும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

லினக்ஸ்சி.என்.சி.யை மூடிட்டு, பிங்கை சி.ஹெச்.ஆர்.டி. வழியா 99 ப்ரையாரிட்டியில், 0.001 செகண்ட் இடைவெளியில், கார்டோட ஐ.பி.க்கு அஞ்சு நிமிஷம் விடுங்க. ஸ்பிண்டில் வேகத்தைக் கட்டுப்படுத்துற வி.எஃப்.டி. ஓடிக்கிட்டு இருக்கணும், அது நின்னிருந்தா இந்தச் சோதனைக்கு அர்த்தம் இல்லை. பாக்கெட் ஒண்ணுகூடத் தொலையக் கூடாது. தொலைஞ்சா ஈ.டி.ஹெச். டூலில் புள்ளிவிவரம் எடுத்து சி.ஆர்.சி. எரர் ஏறுதான்னு பாருங்க. ஏறினா கேபிள், கனெக்டர், இல்லைன்னா வி.எஃப்.டி. இரைச்சல்.

மலையில் பேனல் போடுறவங்களுக்கு இதைத் தனியாச் சொல்லியாகணும். ராத்திரி மெஷின் ஆஃப், காலையில் கதவைத் திறந்ததும் மூடுபனி உள்ளே, குளிர்ந்து கிடக்கிற உலோகத்தில் ஈரம் படியும். ஆர்.ஜே. 45 பின்னில் பச்சை பிடிச்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைச்சு, புது கேபிள் போட்டுப் பாருங்க. பேனலுக்குள்ள ஒரு சின்ன ஹீட்டரை ராத்திரியும் எரிய விட்டா உள்ளே வெளியைவிட நாலைஞ்சு டிகிரி கூட நிற்கும், ஈரம் படியாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் கேபிள் ஓட்டை அடைக்காத பேனலில் வீண்.

இன்டெல் போர்ட்டுன்னு சொன்னீங்க, நல்லது. ரிசீவ் கோலெஸிங்கை 0 மைக்ரோசெகண்ட் ஆக்கியிருக்கீங்களா? ஆக்கலைன்னா கார்டு பாக்கெட்டைக் கையில் வெச்சுக்கிட்டு, இன்னும் ஏதாவது வருதான்னு காத்திருந்துட்டுத்தான் இன்டரப்ட் கொடுக்கும். நெட்வொர்க் இன்டர்ஃபேசஸ் ஃபைலில் அந்த போர்ட்டுக்குக் கீழேயே எழுதி வெச்சுட்டா ரீபூட் ஆனாலும் நிற்கும். மின்சாரம் மிச்சம் பிடிக்கிற ஈ.ஈ.ஈ. வசதியையும் ஆஃப் பண்ணுங்க. அந்த போர்ட்டை நெட்வொர்க் மேனேஜர் தொடவே கூடாது, நடுவில் சுவிட்சும் வேண்டாம்.

---

லேத்மேன்_71

இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? சர்வோ பீரியடை 2 மில்லிசெகண்ட் ஆக்குங்க, ஃபெரரை 0.1 ஆக்குங்க, ஓடிடும். இல்லைன்னா கோயம்புத்தூரில் வேற டவர் ஒண்ணு வாங்கிப் போடுங்க.

---

குன்னூர்_கன்ட்ரோல்

@லேத்மேன்_71 சார், ஓடும். ஆனா அந்தக் கோடு போகாது. கணக்கைப் பாருங்க. 300 மி.மீ. ஃபீட்னா செகண்டுக்கு 5 மி.மீ., 1 மில்லிசெகண்டுக்கு 5 மைக்ரான். த்ரெட் 1.4 மில்லிசெகண்ட் தாமதமா எழுந்தா, மெசா கார்டு கடைசியாச் சொன்ன வேகத்திலேயே கட்டரைத் தள்ளிக்கிட்டே இருக்கும். கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்துக்கும் நிஜ இடத்துக்கும் 7 மைக்ரான் வித்தியாசம். மின்-ஃபெரர் 0.005-ன்னா 5 மைக்ரான், அதைத் தாண்டியாச்சு, எரர். தாண்டாட்டியும் அடுத்த சுற்றில் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட வேகத்தைச் சட்டுனு குறைக்கும். அந்தக் குறைப்புதான் "டிக்". பல்லில் விழுற கோடும் அதே. ஃபெரரைப் பெருசாக்கினா அலாரம்தான் அடங்கும், குறைப்பு அப்படியேதான் இருக்கும்.

ஆனா ஒண்ணு ஒத்துக்கிறேன், ஸ்டெப்பரோ ஸ்டெப்-டைரக்‌ஷன் சர்வோவோ ஓட்டுற மெஷினுக்கு 0.005 ரொம்ப இறுக்கம். மூலகாரணம் சரியானதும் 0.02-லிருந்து 0.05-க்குள் வெச்சுக்கோங்க. அதுவரைக்கும் கைவைக்காதீங்க, அதுதான் இப்போதைக்கு உங்க காவல்காரன்.

டவர் மாத்துறதுன்னா, புதுசா வர்றதிலும் இதே வியாதி இருக்கலாம். வாங்குறதுக்கு முன்னால கடையிலேயே லினக்ஸ்சி.என்.சி. லைவ் யு.எஸ்.பி. போட்டு ஒரு மணி நேரம் டெஸ்ட் ஓட்ட விடுவாங்கன்னா சரி.

---

ரோலர்பட்டறை_கோத்தகிரி

பார்த்தாச்சு. எண்கள்:

பிங்: பாக்கெட் இழப்பு 0. சி.ஆர்.சி. எரர் 0. பின் சுத்தமா இருக்கு. கோலெஸிங் 0 ஆக்கினதில் சராசரி நேரம் குறைஞ்சது, ஆனா உச்சம் இன்னும் அப்பப்போ 1 மில்லிசெகண்டைத் தாண்டுது.

மெசா ரீட் டிமேக்ஸ் (கார்டைப் படிக்க எடுத்த அதிகபட்ச நேரம்): 29,70,000.

ஸ்பைக் தாளம்: சரியா 60 செகண்டுக்கு ஒரு தடவை. அளவு ஒரே மாதிரி இல்லை, 400-லிருந்து 1,400 வரை.

எஸ்.எம்.ஐ. கவுன்ட்டர்: சும்மா இருக்கும்போது ஏறாது. ஸ்பைக் வர்ற அதே நேரத்தில் 4 ஏறுது.

---

குன்னூர்_கன்ட்ரோல்

60 செகண்டுன்னு கச்சிதமா வருதுன்னா பயாஸ் தானா பண்ணலை. உங்க டெஸ்க்டாப்பில் ஏதோ ஒண்ணு நிமிஷத்துக்கு ஒரு தடவை பயாஸைக் கூப்பிடுது. பேனலில் டெம்பரேச்சர் காட்டுற சென்சார் ப்ளக்இன் போட்டிருக்கீங்களா? சில பிராண்டட் டவர், லேப்டாப்களில் ஃபேன் வேகத்தையும் போர்டு டெம்பரேச்சரையும் நேரா படிக்க முடியாது. அதுக்கான டிரைவர் வேணும்னே ஒரு எஸ்.எம்.ஐ. எழுப்பி பயாஸிடம் கேட்கும். ஒவ்வொரு ஃபேனுக்கு ஒண்ணு, ஒவ்வொரு சென்சாருக்கு ஒண்ணு. உங்க 4 அதுவாத்தான் இருக்கும். பயாஸ் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்ங்கிறது அதை எழுதினவங்க புண்ணியம்.

எல்.எஸ்.மாட் கொடுத்து, பெயரில் எஸ்.எம்.எம். வர்ற மாட்யூல் இருக்கான்னு பாருங்க. இருந்தா ஆர்.எம்.மாட் போட்டுக் கழட்டிட்டு, அதே டெஸ்ட்டைப் பத்து நிமிஷம் ஓட்டுங்க. ஸ்பைக் போயிடுச்சுன்னா நிரந்தரமாக்கலாம்: மாட்ப்ரோப் டி ஃபோல்டரில் பிளாக்லிஸ்ட் ஃபைல் ஒண்ணு எழுதி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை அப்டேட் பண்ணி, ரீபூட். ஏறியபிறகு எல்.எஸ்.மாட்டில் மறுபடி சரிபாருங்க. பிளாக்லிஸ்ட் பண்ணினாலும் வேற ஏதாவது சர்வீஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப உட்கார்ந்துக்கும்.

சென்சார் ப்ளக்இன்னையும் தூக்கிடுங்க. ப்ராசசர் சூடு பார்க்கணும்னா கோர்டெம்ப் மாட்யூல் போதும். அது ப்ராசசர் ரெஜிஸ்டரை நேரா படிக்கும், எஸ்.எம்.ஐ. கிடையாது.

ஃபேன் பத்திப் பயம் வேண்டாம், அதை ஓட்டுறது பயாஸ்தான், இந்த டிரைவர் வேடிக்கை பார்க்கிற ஆள். ஆனா ஒரே வெட்டா எஸ்.எம்.ஐ.யையே சிப்செட்டில் அடைச்சுடலாமேன்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. ஆர்.டி.ஏ.ஐ. காலத்தில் அதுக்கு மாட்யூலே இருந்தது. ப்ராசசர் கொதிச்சா காப்பாத்துற வேலையையும் சில போர்டில் எஸ்.எம்.ஐ.தான் பார்க்குது, அதையும் சேர்த்து அடைச்ச மாதிரி ஆகும்.

உங்க டிமேக்ஸ் எண் நானோசெகண்ட் இல்லை, ப்ராசசர் கிளாக். 29,70,000-ஐ 3,300-ஆல் வகுத்தா 900 மைக்ரோசெகண்ட். ரீட் டைம்அவுட் சும்மா விட்டா பீரியடில் 80 சதவீதம், அதாவது 800. அதான் அபூர்வமா அந்த எரர். ஸ்பைக் த்ரெட் தூங்கும்போது விழுந்தா வெறும் தாமதம், கார்டு பதிலுக்குக் காத்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் விழுந்தாத்தான் ரீட் எரர். உங்களுக்கு மூணு விதமா எரர் வந்தாலும் கோளாறு ஒண்ணேதான்.

யு.எஸ்.பி. கீபோர்டுதானே? பயாஸில் யு.எஸ்.பி. லெகசி சப்போர்ட்னு இருந்தா அதுவும் எஸ்.எம்.ஐ. கிளப்பும். ஆனா அதை ஆஃப் பண்றதுக்கு முன்னால யோசிங்க. சில போர்டில் அப்புறம் யு.எஸ்.பி. கீபோர்டை வெச்சு பயாஸுக்குள்ள திரும்பப் போகவே முடியாது. பி.எஸ்/2 கீபோர்டு ஒண்ணு கையில் இருக்கணும், இல்லைன்னா பயாஸ் செட்டிங்கை அழிக்கிற சீமாஸ் ஜம்பர் எங்கேன்னு தெரிஞ்சிருக்கணும். மேலே சொன்னதிலேயே சரியாகிட்டா அதைத் தொடாதீங்க.

---

ரோலர்பட்டறை_கோத்தகிரி

அதேதான் அண்ணா. எஸ்.எம்.எம். பெயரில் மாட்யூல் இருந்தது, பேனலில் சென்சார் ப்ளக்இன் 60 செகண்ட் அப்டேட்டில் இருந்தது. ரெண்டையும் எடுத்தாச்சு. இப்போ கியர்ஸ் அனிமேஷன் நாலு விண்டோ, பெரிய ஃபைல் காப்பி, பிரவுசர் எல்லாம் ஓடும்போது உச்சம் 34 மைக்ரோசெகண்ட். எஸ்.எம்.ஐ. கவுன்ட்டர் அசையலை. ரீட் டிமேக்ஸ் 6,60,000. அதாவது 200 மைக்ரோசெகண்ட்.

மின்-ஃபெரர் 0.02 ஆக்கிட்டேன். இன்னும் ஏதாவது கெர்னல் ஆப்ஷன் வேணுமா? அப்புறம், பாதியில் நின்ன ரோலர் ஒண்ணு மெஷின்லயே கிடக்கு. க்ரூவ் நடுவில் கட்டர் உட்கார்ந்த இடத்தில் பளபளன்னு ஒரு பட்டை. அதை எப்படித் தொடர்றது?

---

குன்னூர்_கன்ட்ரோல்

34 போதும். மெசா கார்டுக்கு அது தாராளம். ஐடில் போல் ஆப்ஷன் எல்லாம் வேண்டாம், அது ப்ராசசரைத் தூங்கவே விடாது, மார்கழிக் குளிருக்கு வேணா ஹீட்டரா உதவும். இன்னும் நேர்த்தி வேணும்னா மெசா டிரைவரான ஹெச்எம்2-வில் டி.பி.எல்.எல். டைமரை மைனஸ் 100 மைக்ரோசெகண்டில் வெச்சு, ஸ்டெப் பல்ஸ் உருவாக்குற ஸ்டெப்ஜென்னை அந்த டைமரோட இணைங்க. த்ரெட் எழுந்து கேட்கிற நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும், கார்டு தன் கடிகாரப்படி சரியான நேரத்தில் பொசிஷனைப் பிடிச்சு வெச்சிருக்கும். கெர்னல் அப்டேட் வந்தா கண்ணை மூடிக்கிட்டு ஏத்தாதீங்க, பழைய கெர்னலை கிரப் மெனுவில் வெச்சுக்கோங்க.

ரோலர் விஷயத்துக்கு டூல்ரூம் ஆள் யாராவது சொல்லட்டும்.

---

டூல்ரூம்_ஊட்டி

தம்பி, அந்தப் பளபளப்பு ஸ்டெயின்லெஸ் இறுகிப் போன தோல். ஃபீட் நின்னு கட்டர் மட்டும் சுத்தினதில் தேய்ச்சுத் தேய்ச்சு இறுகியிருக்கு. நின்ன இடத்திலிருந்தே தொடர்ந்தா கட்டர் பல் முதல் கடியிலேயே விளிம்பு உதிரும்.

எரர் அடிச்சப்போ டிரைவ் எனேபிள் போயிருக்கும், ஏ ஆக்ஸிஸ் கியர் தளர்வில் ரோலர் கொஞ்சம் திரும்பியிருக்கலாம். அதனால கட்டரை முழுசா மேலே தூக்கி, எக்ஸையும் ஏ-யையும் மறுபடி ஹோம் பண்ணுங்க. ஹோம் பண்ணும்போது கடைசி நகர்வு வெட்டுற திசையிலேயே முடியணும், கியர் தளர்வு ஒரே பக்கம் ஒதுங்கணும்.

அடுத்து முடிஞ்ச க்ரூவ் ஒண்ணில் மார்க்கர் பேனா மையைத் தடவி, ஸ்பிண்டிலை நிறுத்தி, கட்டர் பல் ஒண்ணைக் கையால் நேர் கீழே கொண்டுவந்து க்ரூவுக்குள் இறக்குங்க. ரெண்டு பக்கமும் 0.05 ஃபீலர் ஒரே மாதிரி நுழையணும். ஒரு பக்கம் பிடிச்சா அந்த அளவுக்கு ஏ ஆஃப்செட் கொடுங்க. ரோலரோட ஒரு முனையில் மட்டும் பார்த்தா போதாது, மறு முனையிலும் பாருங்க. ரெண்டு முனையிலும் வித்தியாசம் ஒண்ணா இருந்தா ஆஃப்செட், மாறினா சாய்வே தப்பு, புரோகிராமைப் பார்க்கணும்.

சரியாச்சுன்னா பாதி க்ரூவை முதல்லேர்ந்து ஓட்டுங்க. வெட்டின தூரம் காத்துல போகும், போகட்டும். இறுகின பட்டை வர்றதுக்கு ஒரு அங்குலம் முன்னால ஃபீட் ஓவர்ரைடைக் குறைக்கணும்னு கை போகும், குறைக்காதீங்க. ஒரு பல்லுக்கு விழுற கடி மெலிசானா கட்டர் மறுபடி தோல் மேலயே வழுக்கும். வேணும்னா ஸ்பிண்டில் வேகத்தைக் கால்வாசி குறைச்சு ஃபீட்டை அப்படியே விடுங்க, கடி தடிமனாகும், தோலுக்கு அடியில் போய் வெட்டும். கூலன்ட் பட்டை வர்றதுக்கு முன்னாலேயே கொட்டிக்கிட்டு இருக்கணும், சூடான கட்டர் மேல நடுவில் திறந்து விடாதீங்க.

தாண்டினதும் நிறுத்திக் கட்டர் விளிம்பை லென்ஸில் பாருங்க. உதிர்ந்திருந்தா மீதி க்ரூவுக்கு அதே கட்டர் வேண்டாம். ரோலரைச் சுத்திக் காடி போடுற சேசிங்குக்கு அனுப்புறதுக்கு முன்னால அந்தச் செக்மென்ட்டில் ஒரு பெயின்ட் புள்ளி வெச்சுடுங்க, சேசிங் டூலும் அதே பட்டையைக் கடக்கணும்.